மூன்று சுற்றும் நான்கு கிளிக்கும்: என்கோடர் செய்முறைத் தேர்வில் நான் சறுக்கிய இடம்

முடிவு நேற்று வந்தது. இரண்டாம் முயற்சியில் தேறிவிட்டேன். ஆனாலும் முதல் முயற்சியை நினைத்தால் இன்னும் கசக்கிறது, ஏனெனில் என் நிரலில் பிழை இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏடிமெகா328பி என்ற எட்டு பிட் சில்லில், ரோட்டரி என்கோடரை (திருப்பும் அளவை மின்துடிப்புகளாகத் தரும் குமிழ்) இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைநிறுத்தி உடனே கவனிக்க வைக்கும் சைகை) வழியாகப் படித்து, எண்ணிக்கை 500-ஐத் தாண்டியதும் எல்இடியை எரியவிட்டு, பிறகு அணையாமல் வைத்திருக்க வேண்டும். சுற்றுக்கு 20 கிளிக், கிளிக்குக்கு 4 மாற்றம் என்பதால், ஆறேகால் சுற்றுக்குப் பிறகே அது எரிய வேண்டும். தேர்வாளரோ குமிழை மூன்று சுற்றும் நான்கு கிளிக்கும் திருப்பி, அங்கேயே முன்னும் பின்னுமாக அசைத்தார். சில அசைவுகளிலேயே எல்இடி எரிந்தது. நான் என்கோடர் மேல் பழி போட்டேன். அவர் பேசாமல் வேறொன்றை மாட்டித் திருப்ப, அதிலும் எரிந்தது.

அந்த இடத்தில் எண்ணிக்கை 255-இலிருந்து 256-க்கு மாறுகிறது. எட்டு பிட் சில்லு பதினாறு பிட் எண்ணை ஒரே மூச்சில் படிக்காது. என் நிரல் முதலில் கீழ் பைட்டையும் பிறகு மேல் பைட்டையும் எடுத்தது. கீழ் பைட்டில் 255-ஐ எடுத்துக்கொண்ட கணத்தில் இன்டரப்ட் புகுந்து எண்ணிக்கையை 256 ஆக்கிவிட்டால், அடுத்து எடுக்கும் மேல் பைட்டில் 1 இருக்கும். மேல் பைட்டின் 1 என்பது 256, அதோடு கீழ் பைட்டின் 255 சேர்ந்து 511 ஆகிவிடுகிறது. மாறியை வோலட்டைல் என்று அறிவித்திருந்தேனே என்று வாதாடினேன். அது கம்பைலர் பழைய மதிப்பையே ரெஜிஸ்டரில் (சில்லின் உள் நினைவிடத்தில்) வைத்துக்கொண்டிருப்பதைத் தடுக்குமே தவிர, இரண்டு பைட் வாசிப்பை ஒன்றாக்காது. பயிற்சியில் இரண்டு சுற்றுக்கு மேல் நான் திருப்பியதே இல்லை என்பதால், 160-க்கு அப்பால் நடப்பது என் கண்ணில் படவில்லை.

வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை (இன்டரப்ட் அனுமதி நிலையும் இதில்தான் இருக்கும்) சேமித்து, இன்டரப்டை நிறுத்தி, எண்ணிக்கையை உள்மாறிக்கு நகலெடுத்து, ரெஜிஸ்டரை மீட்ட பிறகு, நகலைத்தான் ஒப்பிட வேண்டும்.

மற்றவை சுருக்கமாக:

- என்கோடரின் ஏ, பி என்ற இரு சிக்னல் கம்பிகளையும் போர்ட் டி-யின் 2, 3-ஆம் பின்களில் (PD2, PD3) இணைத்து, சிக்னல் ஏறும்போதும் இறங்கும்போதும் இன்டரப்ட் வையுங்கள்.
- இரண்டு நிலைகளையும் போர்ட்டிலிருந்து ஒரே வாசிப்பில் எடுங்கள்.
- முந்தைய நிலையையும் இப்போதைய நிலையையும் சேர்த்த 16 இட அட்டவணை போதும், ஒவ்வோர் இடத்திலும் +1, -1 அல்லது 0 இருக்கும். தொடுமுனை துள்ளினால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துவிடும். அட்டவணையை மனப்பாடம் செய்வோர் உண்டு. எனக்கு அது ஒத்துவராது, அலைவடிவத்தைத் தாளில் வரைந்துதான் நிரப்பினேன்.

இம்முறை வைவாவில், எண்ணியை ஒரே பைட்டில் வைத்தால் இந்தச் சிக்கல் வருமா என்று கேட்டார்கள். வாசிப்பில் வராது, ஆனால் குறியுள்ள எட்டு பிட்டில் 127-க்கு மேல் இடமில்லை, ஒன்றரைச் சுற்று தாண்டியதுமே நிரம்பிவிடும் என்றேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.