மியாட்டா வாங்கிய நாட்குறிப்பு

மார்ச் 2, 2024, சனி

மினிவேன் கடன் ஜனவரியோடு முடிந்தது. அடுத்த வண்டி எனக்கு மட்டும் பிடித்ததாக இருந்தால் போதும் என்று வீட்டில் அனுமதி கிடைத்திருக்கிறது. நிபந்தனை இரண்டுதான். புது வண்டியாக இருக்க வேண்டும், ஏனென்றால் பழசை வாங்கினால் கராஜில் பிரித்துப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் தடவிக்கொண்டிருப்பேன் என்று என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அப்புறம், வரியெல்லாம் சேர்த்து 37,000 டாலரைத் தாண்டக் கூடாது.

எனக்கு எடை குறைந்த வண்டி வேண்டும், வேகம் இரண்டாம் பட்சம். பக்கத்துத் தெரு கோயம்புத்தூர் நண்பர் ஒரு எலக்ட்ரிக் கார் வைத்திருக்கிறார், இரண்டு டன்னுக்குப் பக்கம். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும், அடுத்த சிக்னல் வரைக்கும் அந்தச் சுகம், அதற்குமேல் இந்த அட்லாண்டா டிராஃபிக்கில் என்ன செய்ய முடியும்? நான் ஓட்டிப் பழகியது திருச்சியில் ஒரு மாருதி 800. எடை 650 கிலோ அளவு, 796 சிசி, பவர் ஸ்டியரிங் கிடையாது. சமயபுரம் ரோட்டில் அறுபதில் போனாலே ரோட்டில் கிடக்கிற கல்லெல்லாம் கைக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஓட்டிய எல்லா வண்டியும் என்னை மெத்தையில் சுற்றித்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கின்றன.

இந்த வகையில் பெரிய ஆசை லோட்டஸ் எலிஸ். 1996-இல் வந்தபோது 725 கிலோதான். 2021-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள், அமெரிக்காவில் அதற்கும் பத்து வருஷம் முன்பே போய்விட்டது. ஆல்பைன் ஏ110 இங்கே விற்பனையிலேயே இல்லை. மிச்சம் இரண்டு: டொயோட்டா ஜிஆர்86, மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டாவது, கூரையைத் திறந்து ஓட்டுகிற இரண்டு சீட் வண்டி, இங்கே எல்லோரும் மியாட்டா என்பார்கள்.

மார்ச் 9, சனி

ஜிஆர்86 ஓட்டினேன். 2.4 லிட்டர் பாக்ஸர் எஞ்சின், 228 குதிரைத்திறன், எடை சுமார் 1,275 கிலோ. டொயோட்டா பெயர் போட்டிருந்தாலும் குன்மாவில் சுபாரு தொழிற்சாலையில்தான் செய்கிறார்கள்.

நல்ல வண்டி, குறையே சொல்ல முடியாது. மேலே கூரை, பின்னால் பேருக்கு இரண்டு சீட், அதை மடக்கிவிட்டால் ஒரு வீட்டுச் சாமான் போகும். ஸ்டியரிங் கறார். 45 மைலில் வளைவு ஒன்றில் திருப்பினேன், சொன்னபடி கேட்டது. ஆனால் எனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. இதற்கு 80 மைலாவது வேண்டும், அப்போதுதான் விழித்துக்கொள்ளும் போலிருக்கிறது. ரேஸ் டிராக்குக்கு மாதம் ஒருமுறை போகிறவர் என்றால் யோசிக்காமல் இதை வாங்கலாம். நான் போகப்போவதில்லை. எஞ்சின் சத்தத்தில் கொஞ்சம் ஸ்பீக்கர் வழியாகவும் வருகிறது என்று தெரிந்ததும் மனசு இன்னும் கொஞ்சம் விலகிவிட்டது, அது நியாயமான காரணம் இல்லை என்றாலும்.

மார்ச் 16, சனி

இன்றைக்கு மியாட்டா. வாசலில் இரண்டு நின்றன. ஒன்று ஸ்போர்ட், ஒன்று கிளப். கிளப்பில் பில்ஸ்டீன் டாம்பர் (குலுக்கலை அடக்குவது), லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் இரண்டுக்கும் விசையைப் பகிர்வது), 17 அங்குலச் சக்கரம். ஸ்போர்ட்டில் டிஃபரென்ஷியல் சாதாரணம், சக்கரம் 16. எஞ்சின் இரண்டுக்கும் ஒன்றேதான், 2 லிட்டர், 181 குதிரைத்திறன், டர்போ கிடையாது.

முதலில் உட்காருகிற சங்கதி. உட்காருவது என்பதைவிட இறங்குவது என்று சொல்லலாம். பின்பக்கத்தை முதலில் போட்டு, காலை அப்புறம் இழுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தடி எட்டு, தலைக்குமேல் இடம் இருக்கிறது. ஆறடிக்காரர்கள் கட்டாயம் கூரையை மூடி உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2019-க்குப் பிறகு ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தலாம், அதனால் முழங்கால் தப்பிக்கிறது. உட்கார்ந்ததும் கண்ணில் படுவது பானட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பி நிற்கிற ஃபெண்டர். முன் டயர் எங்கே இருக்கிறது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இந்தக் காலத்து வண்டிகளில் மூக்கு எங்கே முடிகிறது என்று கேமராவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

விற்பனையாளர் நல்ல ஆகிருதி. கிளப் சுமார் 1,070 கிலோ, அவர் ஏறினதும் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு எடை கூடிவிட்டது. சிரிப்பதற்குச் சொல்லவில்லை, முடுக்கும்போது நிஜமாகவே தெரிந்தது. பிறகு அவரிடம் கேட்டுத் தனியாக ஒரு சுற்றுப் போனேன், அது வேறு வண்டி. டெஸ்ட் டிரைவ் போகிறவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் விடுகிறார்கள்.

கியர். இதைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதலாம். குச்சி குட்டை, அசைவும் குட்டை, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மணிக்கட்டு போதும், தோள் வேண்டாம். உள்ளே விழும்போது ஒரு சின்ன தடுப்பு, அதைத் தாண்டினதும் அதுவாகவே இழுத்துக்கொள்கிறது. சிக்னலில் நின்றபோது ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று சும்மாவே போட்டுக்கொண்டிருந்தேன், பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

மில்டன் பக்கம் குதிரைப் பண்ணைகளுக்கு நடுவே ஹோப்வெல் ரோடு வளைந்து போகும். அங்கே 40 மைலில் ஒரு வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி முதலில் ஒரு பக்கமாகச் சாய்கிறது, நன்றாகவே சாய்கிறது. ஜிஆர்86 இப்படிச் சாயவே இல்லை. இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கோ அந்தச் சாய்வுதான் செய்தி: எந்த டயர்மேல் எவ்வளவு எடை போகிறது என்று இடுப்புக்கே தெரிகிறது. 2022-இலிருந்து கேபிசி என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தில் லேசாக பிரேக் பிடித்து உடம்பைக் கீழே இழுத்து வைக்கிறது. புதிதாக ஒரு பாகமும் கிடையாது, எல்லாம் மென்பொருள், ஒரு கிராம் எடை கூடவில்லை. மாஸ்டாக்காரர்களின் கஞ்சத்தனம் எனக்குப் பிடித்துப்போனது இங்கேதான். 1989-இல் சிகாகோவில் காட்டிய முதல் வண்டி ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. முப்பத்தைந்து வருஷத்தில் ஏர்பேக், கேமரா, எட்டே முக்கால் அங்குலத் திரை என்று எல்லாம் ஏறிய பிறகும் நூறு கிலோ அளவில்தான் கூடியிருக்கிறது. அலுமினியம் பானட், அலுமினியம் டிக்கி மூடி, முன் ஃபெண்டரும் அலுமினியம். கூரையைத் திறக்க மோட்டார்கூட இல்லை. நடுவில் ஒரு கொக்கி, அதை விடுவித்து ஒரு கையால் பின்னால் தள்ளினால் க்ளக் என்று உட்கார்ந்துவிடும்.

கிளப்தான். வீடு திரும்பும்போதே முடிவாகிவிட்டது.

மார்ச் 17, ஞாயிறு

மியாட்டாவிலேயே ஆர்எஃப் என்று ஒரு வகை உண்டு, அதைப் பார்க்கவில்லையா என்று நண்பர் கேட்டார். அதில் கூரை கெட்டி, மோட்டார் திறக்கும், பார்க்க அழகு. ஆனால் எடை ஏறக்குறைய ஐம்பது கிலோ கூட. எடைக்காக இந்த வண்டிக்கு வந்துவிட்டு எடையைக் காசு கொடுத்து வாங்குவானேன்? “அறுபது மைல் வேகத்துக்கு எத்தனை செகண்ட்?” என்பது அவருடைய அடுத்த கேள்வி. ஆறுக்குள் என்றேன். பரிதாபமாகப் பார்த்தார்.

மார்ச் 26, செவ்வாய்

பேரம். நேரில் போகாமல் மின்னஞ்சலிலேயே முடிப்பது உத்தமம். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: எல்லாம் சேர்த்து வெளியே எடுத்துக்கொண்டு போக என்ன விலை? மாதத் தவணையைப் பற்றிப் பேச்செடுத்தவருக்குப் பதில் போடவில்லை.

ஒரு ஷோரூமில் விலைப் பட்டியலுக்கு மேல் ‘மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று 3,000 டாலர். டயரில் நைட்ரஜன் நிரப்பியதற்கு 199. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தானே ஐயா என்று எழுதினேன், பதில் இல்லை. இந்தக் கொள்ளை இந்த வண்டிக்குப் புதிதும் அல்ல. முதல் மியாட்டா 13,800 டாலருக்கு வந்தபோதே டீலர்கள் மேலே ஆயிரக்கணக்கில் வைத்து விற்றிருக்கிறார்கள், ஜனங்களும் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார்கள். நகரத்துக்குத் தெற்கே இன்னொரு இடத்தில் பட்டியல் விலைக்கே தருவதாக ஒரு பெண்மணி ஒரே வரியில் பதில் போட்டார். கிளப் 32,485, அதோடு கப்பல் லாரிக் கூலி, காகிதச் செலவு, ஜார்ஜியாவின் 7 சதவீத டைட்டில் (உரிமைப் பத்திர) வரி. வரம்புக்குள்தான்.

மார்ச் 30, சனி

வீட்டாரை அழைத்துப் போய்க் காட்டினேன். இரண்டு சீட் என்பதால் ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருந்தது.

மனைவி உட்கார்ந்து பார்த்தாள். கால் வைக்கிற இடத்தில் ஒரு மேடு இருக்கிறது என்றாள், இருக்கிறது. டேஷ்போர்டில் பெட்டி எங்கே என்றாள், கிடையாது, இரண்டு சீட்டுக்கும் நடுவே முதுகுப் பக்கம் ஒரு அறை உண்டு, அவ்வளவுதான். ஸ்டெப்னி? அதுவும் இல்லை, பஞ்சர் ஒட்டுகிற திரவமும் ஒரு காற்றடிக்கும் மோட்டாரும். டிக்கி 130 லிட்டர். அதில் ஒரு இருபது பவுண்டு அரிசி மூட்டை, காய்கறி, கொஞ்சம் கறிவேப்பிலை போகும் என்று கணக்குச் சொன்னேன். “அப்போ இனிமே கடைக்கு நீங்களே போயிட்டு வாங்க” என்று முடித்துவிட்டாள்.

வெளியே நிறுத்தியிருந்த சாம்பல் நிற வண்டிமேல் பைன் மகரந்தம் மஞ்சள்பொடி கொட்டினமாதிரி. ஏப்ரல் பாதி வரைக்கும் இந்த ஊரில் கூரை திறக்கிற வண்டியை யாரும் திறந்து ஓட்ட முடியாது. வாங்குவதற்கு இதைவிட மோசமான பருவம் இல்லை, அதனால்தான் விலையும் படிந்தது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 4, வியாழன்

முன்பணம் கட்டியாயிற்று. எட்டாம் தேதி திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன்.

“எட்டாம் தேதியா? அமாவாசைடா.”

“அமாவாசை நல்ல நாள்தானேம்மா?”

“நிறைஞ்ச அமாவாசை நல்லதுதான். கிரகணத்தோட வருதே! டிவியில சொன்னாங்க, உங்க ஊர்லதான் தெரியுமாம், இங்க தெரியாதாம்.”

அதுவும் சரிதான். டெக்சாஸிலிருந்து மெய்ன் வரைக்கும் முழுக் கிரகணம், எங்களுக்கு எண்பது சதவீதத்துக்கு மேல். பதினைந்து பார்க்கலாம் என்றால் அன்றைக்கு அஷ்டமி. கடைசியில் பதின்மூன்று, சனிக்கிழமை. தேதி மாற்றக் காரணம் என்ன என்று அந்தப் பெண்மணி கேட்டார். சூரிய கிரகணம் என்றேன். அவரும் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பார்க்கத்தான் போகிறாராம், நல்லதாகப் போயிற்று என்றார்.

ஏப்ரல் 13, சனி

எடுத்தாயிற்று. நிதிப் பிரிவுக்காரர் நீட்டிப்பு வாரண்டி, பெயின்ட் பாதுகாப்பு, சாவி காப்பீடு என்று ஒவ்வொன்றாக நீட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே ஒரு மணி நேரம். ரசீதையும் விலை ஒட்டியையும் ஒன்றுக்கொன்று வைத்துச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் நான்தான் வைத்தேன். ஷோரூம் பையன் ஒருவன் கேள்வியே கேட்காமல் பழம் சரியாக நசுங்கியதா என்று குனிந்து பார்த்துச் சொன்னான், வருகிறவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள் போலிருக்கிறது. ஜார்ஜியாவில் முன்பக்கம் நம்பர் பிளேட் வேண்டாம், எனவே பம்பரில் ஓட்டை போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன்.

நெடுஞ்சாலையில் திரும்பி வந்தபோது 70 மைலில் ஆறாவது கியரில் எஞ்சின் 2,800 சுற்றில் ஓடுகிறது. கூரை துணி, சத்தம் உண்டு. லாரி பக்கத்தில் வந்தால் அதன் சக்கரத்து நட்டை எண்ணலாம். தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவர்கள் இதை வாங்க வேண்டாம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

குரோதி வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். சாப்பிட்டுவிட்டு கராஜில் போய்க் கொஞ்ச நேரம் வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 20, சனி

மலைக்குப் போனேன், விடியற்காலையிலேயே. தலோனெகாவில் காபி (இந்த ஊரில்தான் 1829 வாக்கில் தங்கம் தேடிக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்), அங்கிருந்து நீல்ஸ் கேப் ஏறி, வோகல் பூங்காவைத் தாண்டி இடதுபக்கம் உல்ஃப் பென் கேப் ரோடு.

கையேட்டில் முதல் 600 மைலுக்குச் சில கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள்: முழுசாக மிதிக்காதே, ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதே, எஞ்சினைக் கத்தவிடாதே. மலைச்சாலையில் ஒரே வேகத்தில் போகவே முடியாது என்பதால் பழக்க இதைவிட நல்ல இடம் இல்லை. 4,500 சுற்றுக்கு மேல் போகவில்லை. இரண்டாவது கியரில் 35 மைலுக்கு எஞ்சின் 4,100 அளவில் இருக்கும், அதுவே தாராளம். சிவப்புக் கோடு 7,500-இல், அதுவரைக்கும் போனால் இரண்டாவது கியரிலேயே அறுபதைத் தாண்டிவிடும்.

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை மாருதியில் ஏறியிருக்கிறேன், அங்கே எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். இங்கே மூச்சு மிச்சம். வளைவுக்கு முன்னால் பிரேக், மூன்றிலிருந்து இரண்டு, திருப்பு, பாதி வளைவில் மெதுவாக ஆக்ஸிலரேட்டர். பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து தள்ளுவது தெரிகிறது, ஸ்போர்ட்டைவிடக் கூடுதலாகக் கொடுத்த பணம் இங்கேதான் வேலை செய்கிறது. ஸ்பீடோமீட்டரைப் பார்த்தால் 32. போலீஸ்காரர் எதிரே வந்தார், பிரேக்கைத் தொடவே இல்லை. இவ்வளவு சந்தோஷத்தை வேக வரம்புக்குள்ளேயே செலவழிக்க முடிகிறது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இன்னும் ஐம்பது குதிரை இருந்திருந்தால் இந்தச் சாலையில் அதற்கு வேலையே இல்லை.

ஸ்யூச்செஸ் வரை கூரை திறந்துதான் போனேன். மகரந்தம் அடங்கிவிட்டது, தும்மல் இல்லை.

ஏப்ரல் 27, சனி

மகளுக்குப் பதினாறு, லைசென்ஸ் கையில், ஆனால் கிளட்ச் என்றால் என்னவென்றே தெரியாது. அவள் தோழிகளில் யாருக்கும் தெரியாது, அதனாலேயே கற்றுக்கொள்ள வேண்டுமாம். காலியான ஒரு பார்க்கிங்கில் ஆரம்பித்தோம். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெதுவாக விட்டு வண்டியை நகர்த்தச் சொன்னேன். திருச்சியில் எனக்கு மாமா கற்றுக்கொடுத்தது அப்படித்தான். நின்றது, குலுங்கியது, மறுபடி நின்றது. புதுக் கிளட்ச், எனக்கு வயிறு பிசைந்தது, வாயைத் திறக்கவில்லை. அரை மணியில் மூன்றாவது கியர் வரை வந்துவிட்டாள். “அப்பா, மினிவேன் தூங்குற மாதிரி இருக்கும்ல இனிமே?” என்றாள்.

அடுத்த வாரம் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கப் பழக வேண்டும், பின்னால் உருண்டுவிடுமோ என்று இப்போதே பயப்படுகிறாள். வண்டியே ஓரிரு நொடி பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் வசதி இதில் இருக்கிறது. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.