காய் ராங் மிதக்கும் சந்தை: எங்க பேரம் பேசணும், எங்க பேச வேணாம்

மிதக்கும் சந்தைன்னாலே நம்மாளுங்க நேரா தாய்லாந்துக்குத்தான் போறாங்க. பாங்காக்ல வேன் பிடிச்சு டாம்னோன் சாடுவாக் போயி, படகுல உக்காந்து போட்டோ எடுத்து, யானை பொம்மையும் தொப்பியும் வாங்கிட்டு வந்துடறாங்க. அதையும் பாக்கலாம், தப்பில்ல. ஆனா தண்ணி மேல லோடு லோடா காய்கறி கைமாறறத பாக்கணும்னா வியட்நாம்ல மீகாங் டெல்டாவுக்குள்ள இருக்கற கான் தோ ஊருக்குப் போகணும், அங்கதான் காய் ராங் சந்தை இருக்கு.

2023 கடைசியில திருச்சியில இருந்தே ஹோ சி மின் சிட்டிக்கு நேரடி ஃப்ளைட் வந்துச்சு, நானும் மாமாவும் அதுலதான் போனோம். மாமா காந்தி மார்க்கெட்ல காய்கறி மண்டி வச்சிருக்காரு, கோயில் குளம்னு கூப்பிட்டா வரமாட்டாரு, சந்தைன்னதும் பெட்டிய கட்டிட்டாரு. ஹோ சி மின் சிட்டி மியன் தாய் பஸ் ஸ்டாண்டுல இருந்து கான் தோ ஏறக்குறைய 170 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நாலு மணி நேரம். ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஹாவ் ஆத்து மேல ஒரு பெரிய கேபிள் பாலம் வரும், 2010ல தொறந்தது, அதுவரைக்கும் பஸ்ஸு லாரி எல்லாமே ஃபெர்ரியில ஏறித்தான் ஆத்தைத் தாண்டணுமாம். ரூம் நின் கியூ படகுத்துறை பக்கத்துலயே போட்டுக்கோங்க, விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நடந்தே போயிடலாம்.

பேரம் பேச வேண்டிய இடம் இந்தப் படகுத்துறைதான். சாயங்காலம் ஆத்தோரம் நடந்தா போதும், போட்டோ ஆல்பத்தோட ஆளுங்க வந்து நிப்பாங்க. எங்ககிட்ட ஒரு அக்கா வந்தாங்க, சின்னப் படகு, எங்க ரெண்டு பேருக்கு மட்டும், கால்குலேட்டர்ல 6 லட்சம் டாங்னு அடிச்சுக் காட்டினாங்க. ஒரு லட்சம் டாங் நம்ம பணத்துல 300 சொச்சம் ரூபாதான், சைபரப் பாத்து மிரள வேணாம். மாமா கால்குலேட்டர வாங்கி 3னு அடிச்சாரு, அவங்க சிரிச்சுட்டு 5, இப்படியே கை மாறி மாறி 4 லட்சத்துல முடிஞ்சுது. விலை முடிஞ்சதும் மாமா விடல, எத்தனை மணிக்குக் கிளம்பறது, எவ்வளவு நேரம் சுத்தறது, லைஃப் ஜாக்கெட் உண்டா, திரும்ப இதே துறையில எறக்கி விடுவாங்களான்னு ஒவ்வொண்ணா கையக் காட்டியும் போன்ல டிரான்ஸ்லேட் போட்டும் கேட்டு வாங்கிட்டாரு. இதெல்லாம் படகுல ஏறறதுக்கு முன்னாடி பேசி முடிச்சுடணும், ஏறின பிறகு பேச்சு எடுபடாது. பெரிய டூர் படகு மலிவுதான், ஆனா அது சந்தைக்குள்ள படகுக்கு நடுவுல நுழையாது, சின்னப் படகே எடுங்க.

காலைல 5 மணிக்குக் கிளம்பினோம். அரை மணி நேரத்துல மோட்டார் சத்தம் நாலாப் பக்கமும் கூடிடுச்சு, வெளிச்சம் வர வர மரப் படகுங்க தெரிய ஆரம்பிச்சுது, முன்பக்கம் சிவப்பு பெயிண்ட் அடிச்சு ரெண்டு கண்ணு வரைஞ்சிருக்காங்க. ஒவ்வொரு படகுலயும் ஒரு நீள மூங்கில் கம்பு நிக்குது, நுனியில அன்னாசியோ பூசணியோ சக்கரவள்ளியோ தொங்குது. என்ன தொங்குதோ அதுதான் அந்தப் படகுல சரக்கு. இந்த மோட்டார் சத்தத்துல கூவி விக்க முடியாது, தூரத்துல இருந்தே கம்பைப் பாத்து யாவாரி வந்துடறான். தென்னை ஓலை கட்டியிருந்தா அந்தப் படகே விலைக்கு இருக்குன்னு அர்த்தம்.

மாமா பாத்த உடனே சொல்லிட்டாரு, "இது மண்டிடா மாப்ள". தோட்டத்துச் சரக்கை ஏத்திட்டு வந்து நங்கூரம் போட்டு நிக்கறாங்க, விக்கற வரைக்கும் நாள் கணக்குல குடும்பத்தோட படகுலயே இருக்காங்க, பூந்தொட்டி, நாய், காயப்போட்ட துணி எல்லாம் அங்கேயே. சில்லறைக்காரங்க சின்னப் படகுல வந்து மொத்தமா எடுத்துட்டுப் போறாங்க. தர்பூசணிய பெரிய படகுல இருந்து ஒருத்தர் வீச, கீழ ஒருத்தர் பிடிக்க, வாயால எண்ணிக்கிட்டே ஓடுது. டெல்டா பக்கம் ஒரு பத்துன்னா 12, சில இடத்துல 14 கூட இருக்குமாம், நம்ம ஊர் கொசுறு மாதிரி எண்ணிக்கைக்குள்ளயே வச்சுட்டாங்க.

ஒரு பூசணிப் படகு கிட்ட போனதும் மாமா ஒரு காயை எடுத்து காதுகிட்ட வச்சு விரலால தட்டிப் பாத்தாரு, காம்பை நகத்தால கீறிப் பாத்தாரு. அந்தப் படகு அம்மா அவரையே பாத்துட்டு இருந்தாங்க, சட்டுனு அந்தக் காயை வாங்கி கீழ வச்சுட்டு உள்ள போயி வேற ஒண்ணு எடுத்துட்டு வந்து குடுத்தாங்க. மாமா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு வார்த்தை கிடையாது, கிலோ என்ன விலைன்னு விரல்லயே பத்து நிமிஷம் பேசிட்டாங்க.

அன்னாசிப் படகுல ஒரு பழம் 20 ஆயிரம் டாங் சொன்னாங்க. இங்க எல்லாம் ஆயிரத்த விட்டுட்டு வெறும் 20ன்னுதான் சொல்வாங்க. பக்கத்துப் படகுல வந்த டூரிஸ்ட் ஒருத்தர் 10க்கு கேட்டு ரொம்ப நேரம் நின்னாரு, எனக்குப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. நம்ம காசுக்கு 60, 70 ரூபா. அதுக்கு அவங்க தோலைச் சீவி, கண்ணுங்களை சுத்திச் சுத்தி சாய்வா வரி வரியா வெட்டி எடுத்து, காம்பைப் பிடிச்சு குச்சி ஐஸ் மாதிரி கடிக்கற மாதிரி கையில குடுக்கறாங்க, கூட மிளகா உப்பு. அந்தக் கத்தி வேலைக்கே குடுக்கலாம். மொத்தமா எடுக்கறவனுக்குத்தான் பேரம், ஒரு பழம் வாங்கற நாம கேட்ட விலையக் குடுத்துட்டு வர்றதுதான் மரியாதைன்னு நான் நினைக்கறேன்.

நோட்டுல மட்டும் கவனம். 20 ஆயிரமும் 5 லட்சமும் ரெண்டுமே நீலம், ரெண்டுலயும் ஹோ சி மின் படம்தான், விடியற்காலை இருட்டுல வித்தியாசம் தெரியாது. சின்ன நோட்டை தனி பாக்கெட்டுல வச்சுக்கோங்க. சைவம் சாப்பிடறவங்க "ஆன் சாய்"னு சொன்னா புரிஞ்சுக்கறாங்க, ஆனா ஹு தியூ நூடுல்ஸ் விக்கற படகுல சூப்பே எலும்புச் சாறுதான், அதனால நாங்க ஐஸ் போட்ட பால் காபியோட நிறுத்திக்கிட்டோம். நல்ல ஸ்ட்ராங்கா இருந்துச்சு.

2016ல அரசாங்கம் இந்தச் சந்தைய தேசிய பண்பாட்டு மரபுன்னு அறிவிச்சிருக்கு. ஆனாலும் வருஷா வருஷம் படகு குறையுது. ரோடும் பாலமும் வந்த பிறகு லாரி தோட்டத்துக்கே போயிடுது, அப்புறம் எதுக்கு ஆத்துல வரணும். எங்க படகு அக்கா, சின்ன வயசுல இந்த இடத்துல தண்ணியே தெரியாதுன்னு போன்ல டைப் பண்ணிக் காட்டினாங்க. போறதா இருந்தா சீக்கிரம் போயிட்டு வந்துடுங்க. டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மழை இருக்காது. அவங்க புது வருஷம் டெட், ஜனவரி கடைசியிலயோ பிப்ரவரியிலயோ வரும், அதுக்கு முந்தின வாரம் பூவும் தர்பூசணியுமா சந்தை நிறைஞ்சிருக்கும், டெட் அன்னிக்கு மட்டும் போயிடாதீங்க, எல்லாரும் ஊருக்குப் போயிருப்பாங்க. 8 மணிக்கு மேல எந்த சீசன்லயும் கூட்டம் கலைஞ்சிடும், அதனால அலாரம் 4 மணிக்கே வச்சுக்கோங்க.