அகலக் காலுக்கு நீளச் சப்பாத்து தீர்வல்ல

வாழ்நாள் முழுக்கச் செருப்போடு திரிந்த கால், முன்பக்கம் விரிந்தே இருக்கும். செருப்பில் அது ஓரத்தால் வழிந்தாலும் ஒன்றும் ஆகாது. குளிர் நாட்டுக்கு வந்து மூடிய சப்பாத்துக்குள் அடைக்கும்போதுதான் வில்லங்கம். பிள்ளைகளோடு இருக்க வந்த அம்மா அப்பாமாருக்கு பஸ் தரிப்பிடம் வரை நடப்பதே வலியாகிவிடுகிறது. கடையில் இறுக்கினால் ஓர் இலக்கம் பெரிதாக எடுப்பது நம்மவர் வழக்கம். வாங்கும்போது சுகமாகத்தான் இருக்கும்.

இலக்கம் ஏறும்போது கூடுவது பெரும்பாலும் நீளம். ஐரோப்பிய அளவில் இலக்கத்துக்கு 6.7 மில்லிமீற்றர், பிரிட்டிஷ் அளவில் 8.5 மில்லிமீற்றர், அகலம் அதைவிடக் குறைவாகவே கூடும். சப்பாத்து மடியும் இடம் விரல் மூட்டைத் தாண்டி முன்னுக்குப் போய்விடும். ஒவ்வோர் அடியிலும் குதி கழன்று எழும்ப, அதைப் பிடித்து வைக்க விரல்கள் மடங்கும். பெருவிரல் மூட்டில் வாதம் உள்ளவருக்கு அதுவே நோவு. நுனி தடக்கி விழுவதும் இப்படித்தான்.

பகல் முழுதும் நின்ற கால் வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் அளவெடுங்கள். போடப்போகும் சொக்ஸுடன் கடதாசியில் எழுந்து நிற்க, இன்னொருவர் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து வரையட்டும். குனிந்து நீங்களே வரைந்தால் பாரம் மாறி அளவு பிழைக்கும். குதியிலிருந்து மிக நீண்ட விரல் வரை ஓர் அளவு (பலருக்கு அது இரண்டாம் விரல்), மிக அகன்ற இடத்தில் இன்னோர் அளவு. இரண்டு காலையும் அளந்து பெரிய காலுக்கே வாங்குங்கள். விரல் நுனிக்கு முன் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் இடம் வேண்டும். கடையில் சப்பாத்தின் உள்தட்டை வெளியே எடுத்து அதன்மேல் நின்று பாருங்கள். கால் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அது ஒடுக்கம். "போடப் போட இளகும்" என்பார்கள். மேல்தோல் இளகும், அடி அகலாது.

அகலத்துக்குத் தனி எழுத்து உண்டு. அமெரிக்க அளவில் ஆண்களுக்கு டி சாதாரணம், 2ஈ அகலம், 4ஈ மிக அகலம். பெண்களுக்கு பி சாதாரணம், டி அகலம். ஆகவே பெரிய கால் உள்ள பெண்கள் கூச்சப்படாமல் ஆண்கள் பக்கமும் தேடலாம்: பெண்கள் 11 ஏறத்தாழ ஆண்கள் 9.5, அதுவும் தானாகவே அகலம் கூடியது.

பூட்டும் விதத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும். வாசலில் சப்பாத்தைக் கழற்றும் வீடுகளில் ஒரு நாளைக்குப் பலமுறை குனிய வேண்டியிருக்கிறது. விரல் மூட்டு வலிப்பவருக்கு லேஸ் கட்டுவது தண்டனை. வெல்க்ரோ நல்லது; ஒரு பட்டியைவிட இரண்டு பட்டி குதியை நன்றாகப் பிடிக்கும். வளையத்துக்குள்ளால் திரும்பி வரும் பட்டியை ஒரு கையால் இழுத்து இறுக்கலாம். ஆனால் கால் வீங்கிய மாலையிலும் பட்டி போதிய அளவு ஒட்ட வேண்டும்; நுனி மட்டும் தொட்டால் நடக்கும்போதே கழன்றுவிடும். சப்பாத்தின் வாய் விரல்கள் பக்கம் வரை திறக்கிறதா என்றும் பாருங்கள். வெல்க்ரோ பிடிப்பு விட்டால் பழுதென்று எறிய வேண்டாம்: கொக்கிகளில் நூலும் முடியும் அடைந்திருக்கும், பழைய பல்துலக்கியால் கிளறினால் சரி. எலாஸ்ரிக் லேஸ் ஒருமுறை கட்டினால் போதும், தளர்வாகக் கட்டினால் குதி எழும்பும். பக்கத்தில் சிப் வைத்தது போடச் சுலபம், ஆனால் சிப் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்காது. குனியவே முடியாதவருக்குக் குதிப்பகுதி விறைப்பாக உள்ள, கை வைக்காமல் காலை நுழைக்கும் வகை உதவும். வீக்கம் ஏறி இறங்கும் காலுக்கு அது பொருந்தாது, தளர்த்த அதில் ஒன்றுமில்லை. எதை வாங்கினாலும் நீளக் கைபிடியுள்ள சப்பாத்துக் கரண்டி ஒன்று வாசலில் இருக்கட்டும்.

சப்பாத்தின் அடியைக் கையால் வளையுங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிய வேண்டும், நடுவில் அல்ல. பெருவிரல் மூட்டு விறைத்தவருக்கு மடியாத, முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த அடி சுகம் தரும். சமநிலை தளம்புபவர் அதைப் போட்டு மெல்ல நடந்து பார்த்தே எடுக்க வேண்டும். மெத்தை போல அமிழும் அடி கடையில் மயக்கும், முதியவரைத் தள்ளாடவும் வைக்கும். பனிக்கு ஆழமான வெட்டுள்ள மென்றப்பர் அடி. வழுக்கும் ஐஸுக்கு அதுவும் போதாது. மேலே மாட்டும் ஆணிப்பட்டி வேண்டும், அதைக் கடை வாசலில் கழற்ற வேண்டும், ஏனென்றால் ஓட்டுத் தரையில் ஆணியே வழுக்கும்.

நீரிழிவால் கால் மரத்தவர்கள் "வலிக்கவில்லை" என்பதை நம்பி வாங்கக் கூடாது. உள்ளே கைவிட்டுத் தையல் முட்டுகிறதா எனத் தடவிப் பாருங்கள், ஒவ்வொரு முறை போடும் முன்பும். புதுச் சப்பாத்தை முதலில் வீட்டுக் கம்பளத்தில் அரை மணி நேரம் போட்டு நடந்து, சொக்ஸைக் கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் சில நிமிடத்தில் மறையாவிட்டால், அடி அழுக்காகும் முன்பே பற்றுச்சீட்டோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.