ஒரே பிளான், நூறு வீடு

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் நின்ற இடங்களில் தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) எழும்பிக்கொண்டிருக்கிறது. வரிசை வீடுகள், பெரும்பாலும் ஒரே பிளான். சைட் சூப்பர்வைசராக நான் பார்த்தவரை, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு நாள் கணக்குப் போடும் அட்டவணை எங்கும் பலித்ததில்லை.

முதல் வீட்டில் நேரத்தைத் தின்பவை கேள்விகள்தான். குளியலறைத் தரை ஹாலைவிட எவ்வளவு இறங்கணும்? தண்ணீர் இறங்கும் துளை எந்த மூலையில்? கதவுச் சட்டத்தை இப்பவே நிறுத்தவா, கல் ஏறின பிறகா? எல்லாவற்றுக்கும் பிளானை விரிக்க வேண்டும். நாலைந்து வீடு தாண்டினால் பிளான் ஆபீஸ் கெபினிலேயே கிடக்கும். காங்கிரீட்டுக்குப் பலகை அடிப்பவர் ஒவ்வொரு பலகையிலும் பெயிண்டால் எண் போட்டு வைத்திருப்பார். கழற்றியதும் அடுத்த வீட்டில் அதே இடத்துக்குப் போய்விடும்.

இதற்குக் கணக்கு உண்டு. 1936இல் டி.பி. ரைட் என்ற அமெரிக்கர் விமானத் தொழிற்சாலையை வைத்து எழுதினார்: எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஒரு விமானத்துக்கான சராசரி உழைப்பு முன்பிருந்ததில் 80 விழுக்காடாகக் குறைகிறது. வெயில், மழை, தாமதமாக வரும் லாரி எல்லாம் உள்ள சைட்டில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. 90 என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்கு 100 மணி நேரம் என்றால் இரண்டு வீட்டின் சராசரி 90, நான்கின் சராசரி 81, எட்டின் சராசரி ஏறக்குறைய 73. அதே அளவு விழுக்காடு மறுபடி குறையப் பதினாறு வீடு முடிய வேண்டும், பிறகு முப்பத்திரண்டு. லாபத்தின் பெரும்பகுதி முன்வரிசையிலேயே முடிந்துவிடுகிறது. கடைசி வரிசையில் இன்னும் வேகம் கேட்கும் மேனேஜர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை.

கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாற்றி வைத்த பிளானில் வேறு சங்கடம். பக்கத்து வீட்டில் குளியலறை இடமிருந்து வலத்துக்கு மாறும். "கை பழகிப்போச்சு தம்பி, அதான் வம்பு" என்பார் எங்கள் மூத்த கொத்தனார். இடப்பக்க வீடுகளுக்கு ஒரு குழு, வலப்பக்கத்துக்கு இன்னொன்று என்று பிரித்தால் அந்தக் குழப்பம் குறைகிறது.

பெருநாள் லீவுக்கு இந்தோனேசியத் தொழிலாளர்கள் ஊருக்குப் போவார்கள். எல்லாரும் திரும்புவதில்லை, அந்த இடத்துக்குப் புது ஆள் வருவார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்க, புது ஆள் வந்தால் பட்டையைக் காயப்படுத்துவான் என்று கங்காணி சில நாள் கூடவே நடப்பாராம். புதுக் கொத்தனாரோடு நாங்களும் அப்படித்தான் நடக்கிறோம்.

இங்கே வேலை பொரோங், வீட்டுக்கு இவ்வளவு என்று விலை. குழு வேகம் பிடித்தால் கூலி சீக்கிரம் கைக்கு வருகிறது. அதைப் பார்த்த தவுக்கே (முதலாளி) அடுத்த கட்டத்துக்கு விலையைக் குறைக்கச் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வேகத்தை உண்டாக்கியது அவர்கள் கை. விலை குறைந்தால் குழு வேறு சைட்டுக்குப் போய்விடும். மலிவாக வரும் புதுக் குழு முதல் வீட்டிலிருந்து கேள்வி கேட்கத் தொடங்கும், அந்தத் தாமதத்தைத் தவுக்கேதான் தாங்க வேண்டும்.