இரண்டரை சென்டிமீட்டர் கூர்மை

135 மி.மீ. குவியத்தொலைவுள்ள எஃப்/2 லென்ஸை முழுத் திறப்பில் (எஃப் எண் சிறிதாக ஆக, ஒளி நுழையும் திறப்பு பெரிதாகும்) வைத்து, ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார் உள்ள) கேமராவில் இரண்டு மீட்டர் தொலைவிலுள்ள ஒரு முகத்தைப் படமெடுத்தால், கூர்மையாகப் பதியும் ஆழம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான். இமை மயிர்கள் தனித்தனியே தெரியும். காது மடலோ பஞ்சுபோலக் கரைந்திருக்கும். நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்துவிட்டு, படத்தை அமைக்கக் கேமராவைத் திருப்பும் பழக்கத்தால் கூர்மை கண்ணைவிட்டு விலகி, பல நல்ல படங்களை இழந்த பிறகு, ஃபோகஸ் புள்ளியை நேராகக் கண்ணின் மீதே, அதுவும் எனக்கு அருகிலுள்ள கண்ணின் மீதே, வைக்கத் தொடங்கினேன்.

பின்னணி மங்கலை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு இந்த லென்ஸ் பிடித்திருப்பது அதைவிட ஒளிக்காகத்தான்: எஃப்/4இல் 1/60 நொடி தேவைப்படும் அந்தி வெளிச்சத்தில், எஃப்/2இல் 1/250 நொடியே போதுமானதாக இருப்பதால், இந்தக் குவியத்தொலைவில் பெரிதாகத் தெரியும் கைநடுக்கமும் பேசிக்கொண்டிருப்பவரின் தலையசைவும் படத்தைக் கெடுப்பதில்லை.