பழைய குடா புராஜெக்டை உபுண்டு 24.04-இல் பில்ட் செய்த அனுபவம்

என்விடியாவின் பழைய கெப்ளர் தலைமுறை டெஸ்லா கே40 கார்டுக்காகக் குடாவில் (என்விடியா ஜிபியு கார்டுகளில் நிரல் ஓட்டும் தளம்) எழுதிய படச் செயலாக்க புராஜெக்ட் ஒன்றை ஆர்டிஎக்ஸ் 3060 இருக்கும் கணினிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நேரம் பிடித்தது பில்டில்தான்.

முதலில் பதிப்புகளைப் பார்த்தேன். கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை மேலே தரும் குடா எண், அந்த டிரைவர் எதுவரை தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. நிறுவியிருக்கும் குடா டூல்கிட் எது என்பதை அதன் கம்பைலரான என்விசிசி-யிடம்தான் கேட்க வேண்டும். என்னுடையது 12.2.

முதல் பிழை, என்விசிசி துணைக்கு அழைக்கும் சி++ கம்பைலரான ஜிசிசி-யால் வந்தது. உபுண்டு 24.04 தருவது ஜிசிசி 13, குடா 12.2 ஏற்பதோ 12 வரைதான். 13-க்கு ஆதரவு குடா 12.4-இல்தான் வந்தது. பதிப்புச் சோதனையைத் தாண்டிப்போக ஒரு ஃபிளாக் உண்டு, பலர் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சோதனை நின்றுவிடும், ஆனால் புதிய சி++ ஹெடர்களை என்விசிசி சரியாகப் புரிந்துகொள்ளும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஜிசிசி 12-இன் சி++ கம்பைலரான ஜி++ 12-ஐயும் நிறுவி, பில்டை அமைக்கும் கருவியான சிமேக்கின் சிமேக்_குடா_ஹோஸ்ட்_கம்பைலர் மாறியில் அதன் பாதையைக் கொடுத்தேன். சாதாரண சி++ கோப்புகளுக்கும் அதையே வைத்தேன். சிஸ்டத்தின் ஜிசிசி-யைத் தொடவே இல்லை.

அடுத்தது கார்டின் ஆர்க்கிடெக்சர். பழைய சிமேக் கோப்பில் கம்ப்யூட் 35 (கே40-இன் ஆர்க்கிடெக்சர் எண்) என்று நேரடியாக எழுதியிருந்தது. கெப்ளர் ஆதரவு குடா 12.0-இலேயே போய்விட்டது, கூடவே படத் தரவைப் படிக்கும் பழைய முறையான டெக்ஸ்சர் ரெஃபரன்சும் போனதால், நிரலில் சில வரிகளை டெக்ஸ்சர் ஆப்ஜெக்டுக்கு மாற்றினேன்.

மீதியெல்லாம் சிமேக் கோப்பு. குடாவைத் தேடித் தரும் பழைய ஃபைண்ட்குடா மாட்யூல் சிமேக் 3.10-இலிருந்தே கைவிடப்பட்டது. 3.27-இன் புதிய பாலிசியை (பழைய நடத்தையா புதியதா என்று தேர்வு செய்யும் அமைப்பு) ஏற்றால் அது கிடைக்கவே கிடைக்காது. உபுண்டு தரும் சிமேக் 3.28, கோப்பில் கேட்கும் குறைந்தபட்ச சிமேக் பதிப்பு பழையதாக இருந்தால் எச்சரித்துவிட்டு இன்னும் ஓட்டுகிறது. அதை நம்பி விட்டுவைக்க மனம் வரவில்லை. புராஜெக்ட் வரியில் குடாவையும் ஒரு மொழியாகச் சேர்த்தேன். லைப்ரரிகளுக்கு 3.17-இல் வந்த ஃபைண்ட்குடாடூல்கிட் மாட்யூலைப் பயன்படுத்தினேன். கார்டின் ஆர்க்கிடெக்சர் எண்களைச் சொல்லும் சிமேக்_குடா_ஆர்க்கிடெக்சர்ஸ் மாறி 3.18-இலிருந்து இருப்பதால் குறைந்தபட்சப் பதிப்பையும் 3.18 என்று வைத்தேன். அந்த மாறியில் 75 (டி4), 86 (ஆர்டிஎக்ஸ் 3060) இரண்டையும் கொடுத்தேன், டி4 கார்டு உள்ள சர்வரிலும் இதே புராஜெக்ட் ஓட வேண்டும் என்பதற்காக. சொந்தக் கணினிக்கு மட்டும் என்றால் 3.24 முதல் 'நேட்டிவ்' என்று எழுதினாலே போதும்.

அப்புறம், கம்பைலரை மாற்றியபின் பழைய பில்ட் ஃபோல்டரிலேயே தொடராதீர்கள். சிமேக் முதலில் கண்டுபிடித்த கம்பைலரை கேஷில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஃபோல்டரை அழித்துவிடுங்கள், அல்லது 3.24-இல் வந்த ஃபிரெஷ் ஆப்ஷனைக் கொடுத்து ஓட்டுங்கள்.