மிதித்தால் மாட்டு மணி

காலையில் மகன் எலக்ட்ரானிக் டிரம் கிட்டின் கிக் பெடலை மிதித்தான். ‘டம்’ வர வேண்டிய இடத்தில் மாட்டு மணி அடித்தது.

நேற்று ராத்திரி நான் பார்த்த வேலை. தட்டுகிற பேடுகளில் எது தேர்வாகியிருக்கிறது என்றே பார்க்காமல் சத்தத்தை மாற்றிக்கொண்டே போயிருக்கிறேன். சேமித்தும் தொலைத்துவிட்டேன்!

தேடியது பறைச் சத்தத்தை. எங்களுடையது தொடக்கநிலை டிரம் கிட். உள்ளே இருக்கிற சத்தங்கள்தான், வெளியிலிருந்து ஏற்ற முடியாது.

சரி என்று யூஎஸ்பி வயரை லேப்டாப்பில் செருகினோம். ஸ்னேர் என்கிற பேடைத் தட்டினால் வயர் வழியே சத்தம் போவதில்லை. அது ஸ்னேர் என்று சொல்கிற 38 என்கிற மிடி எண்ணும் (மிடி என்பது இசைக்கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை), எவ்வளவு பலமாக அடித்தோம் என்பதும்தான் போகின்றன. அந்த 38-க்கு, போனில் பதிந்து வைத்திருந்த ஒற்றைப் பறையடியை மாட்டினோம்.

ஹெட்போனுக்குள் ஊரே அதிர்ந்தது.

பக்கத்து அறையில் அம்மாவுக்குக் கேட்டது வெறும் ‘டொக் டொக்’.

“கதவை யாருடா தட்டுறது?”